மகனுக்காகப் போனேன், என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள்!

குலசேகரம் பக்கம் எங்களுக்கு ரப்பர்தான் பிழைப்பு. ஒருநாள் காலை, ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோட்டுக் காயவைக்கும் புகைப்புரையிலிருந்து வந்து, கல்லூரியில் படிக்கும் மகனின் ஜீன்ஸைத் துவைக்க எடுத்தேன். பாக்கெட்டில் கஞ்சாப் பொட்டலம்! அவனிடம் கேட்கத் தைரியம் இல்லை. முகம்கூடக் கழுவாமல் பைக்கில் ஆஸ்பத்திரியின் போதை மறுவாழ்வுப் பிரிவுக்குப் பறந்தேன். அங்கே இறங்கியபோதுதான் பார்க்கிறேன், ஒரு காலில் என் செருப்பு, மறுகாலில் மனைவியின் செருப்பு!

நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சிவந்த கண், சட்டையில் புகை வாடை, ஜோடி மாறிய செருப்பு.

"எனக்கில்ல சிஸ்டர், எனக்க மவனுக்கு" என்றேன்.

"எல்லாரும் முதல்ல இப்பிடித்தான் சொல்லுவினும். வெக்கப்படாம இரியுங்க அண்ணே" என்று என் பெயரிலேயே சீட்டுப் போட்டுவிட்டார்!

உள்ளே போய் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்து முடித்த பிறகு சொன்னார்: "அடிக்காதீங்க, மிரட்டாதீங்க. பேசிக் கூட்டிட்டு வாங்க. கவுன்சலிங் கொடுத்தா பழக்கத்த விட்டுரலாம்."

மகனிடம் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நடந்ததை அப்படியே சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். சிரிப்பு அடங்கியதும் தலைகுனிந்து, "விடணும்னுதான் இருக்கு அப்பா. தனியா முடியல்ல" என்றான்.

இப்போது வாரந்தோறும் சேர்ந்தே போகிறோம். எதுவானாலும் ஓடுவதற்கு முன் அவனிடமே கேட்டுவிடுகிறேன். கிளம்பும்போது நன்றாகக் குளித்து, செருப்பையும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். அப்படியும் அந்த நர்ஸ் முதலில் என்னைத்தான் விசாரிக்கிறார்: "அண்ணனுக்கு இப்ப எப்பிடி உண்டு?"