பலேர்மோ இல்லாத சிசிலி

மருந்துப் பைகளைப் புஸ்பவதி கடைசி வீட்டிலிருந்து தொடங்கித்தான் வாகனத்தில் ஏற்றுவார். முப்பத்தெட்டாவது பை உள்மூலைக்குப் போகும். முதலாவது பை கதவோரம் நிற்கும். இறக்கும்போது கை தானாகப் போய்ச் சரியான பையில் விழ வேண்டும், குனிந்து தேடக்கூடாது. ஜெர்மனியின் ஹம் நகரத்து மருந்துக்கடை ஒன்றின் விநியோக வாகனத்தைப் பதினேழு ஆண்டுகளாக அவர்தான் ஓடுகிறார். நான்கு முதியோர் இல்லங்கள், முப்பத்துநான்கு வீடுகள். பகல் ஒன்றரைக்குப் புறப்பட்டால் ஐந்தே முக்காலுக்குத் திரும்பிவிடுவார். ஐந்து ஐம்பத்தைந்து ஆகிவிட்டால், வழியில் பனி கொட்டியிருக்கிறது, அல்லது ஏதோ ஒரு கிழவர் கதவைத் திறந்து தன் முழங்கால் கதையைத் தொடங்கிவிட்டார் என்று கடையில் விளங்கிக்கொள்வார்கள்.

வயது ஐம்பத்தொன்பது. உயரம் குறைவு, ஓட்டுநர் ஆசனத்தில் நீலப் பூப்போட்ட சிறு மெத்தை ஒன்று நிரந்தரமாகக் கிடக்கிறது. மூக்குக்கண்ணாடி கழுத்தில் கயிற்றில் தொங்கும். எழுத்து வாசிக்க மட்டும் மூக்கில் ஏறும். வாடிக்கையாளர்களுக்கு அவர் ‘ஃபிறவ் புஸ்பா’, அதாவது திருமதி புஸ்பா. விஜயரத்தினம் என்ற குடும்பப் பெயரைக் கதவு திறந்து பையை வாங்குகிற நேரத்துக்குள் சொல்லி முடிக்க யாராலும் முடியவில்லை. வீதியில் மற்ற வாகனங்களுடன் அவர் தமிழில்தான் பேசுவார். பின்னால் ஒட்டிக்கொண்டு வருபவனுக்கு, “என்ன ராசா அவசரம், அடுப்பிலை பாலை வைச்சிட்டு வந்தனியோ?” வழிவிட்டவனுக்கு, “நல்லா இருப்பாய் மோனை.” இரண்டையும் யன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் சொல்வார்.

இப்படிப்பட்டவர், சென்ற ஆண்டு நவம்பர் பதினெட்டாம் திகதி திங்கட்கிழமை, மே இருபத்துநான்கு முதல் ஜூன் ஏழு வரை விடுமுறை கேட்டு விண்ணப்பம் கொடுத்தார். ஒரே தொடராகப் பதினைந்து நாள். மருந்துக்கடை முதலாளியம்மா ஆச்சரியப்பட்டு, “யாருக்குக் கல்யாணம்?” என்று கேட்டார். கேள்வியில் பிழை இல்லை. 1994இலிருந்து புஸ்பவதி ஜெர்மனியைவிட்டு வெளியே போன பயணங்கள் இருபத்தொன்பது. லண்டன் பத்து, பாரிஸ் எட்டு, சுவிஸ் ஆறு, டென்மார்க் மூன்று, கனடா இரண்டு. எல்லாமே கல்யாணவீடு, சாமத்தியவீடு, புதுவீட்டுக் குடிபூரல், செத்தவீடு. எல்லா இரவும் யாரோ ஒரு சொந்தக்காரரின் விறாந்தையில், காற்றடித்த மெத்தையில். பாரிஸின் இரும்புக் கோபுரத்தை நான்கு தடவை பார்த்திருக்கிறார். நான்கு தடவையும் காரின் பின்னாசனத்திலிருந்து, பட்டுச்சேலையுடன், மடியில் பலகாரத் தட்டுடன்.

“எனக்கு ஒண்டும் பெரிசா வேண்டாம்,” என்பார் அவர். “ஒருத்தரும் வழி பாத்துக்கொண்டு நிக்காத இடத்துக்கு ஒருக்கா வாகனம் ஓடோணும். பதினேழு வருசமா நான் போற வாசல் எல்லாத்திலையும் ஆரோ மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு நிக்கினம். உர்லாப் எண்டு லீவு எடுத்தாலும் அதேதான். ‘எத்தினை மணிக்கு வருவியள், சோறு போடட்டோ’ எண்டு கேட்டுக் கேட்டு ரெலிபோன் அடிப்பினம். நான் போய்ச் சேர்ந்தாலும் ஒண்டுதான், சேராட்டிலும் ஒண்டுதான் எண்ட மாதிரி ஒரு ரெண்டு கிழமை.”

சிசிலி அவருக்குக் கிடைத்தது இருபத்திரண்டாவது வீட்டில். முன்பு ஐஸ்கிறீம் கடை வைத்திருந்த இத்தாலியர் ஒருவரின் விதவை அங்கே இருக்கிறார். அவர் வீட்டு நடையில் தொங்கிய நாட்காட்டியில், மலையின் இடுப்பைச் சுற்றி ஒரு வீதி, கீழே கடல். வீதியில் ஒரு வாகனமும் இல்லை. புஸ்பவதி மூக்கில் கண்ணாடியை ஏற்றி இடத்தின் பெயரை வாசித்தார். அன்று ஐந்து ஐம்பத்தெட்டுக்குத்தான் கடைக்குத் திரும்பினார்.

கணவர் விஜயரத்தினத்துக்கு அறுபத்தாறு வயது. கம்பித் தொழிற்சாலையில் இருபத்தெட்டு ஆண்டு வேலை செய்து ஓய்வு பெற்றவர். சாது. சாரதி அனுமதிப்பத்திரம் உண்டு. ஆனால் மனைவி பக்கத்தில் இருக்கும்போது அவர் ஓடுவதில்லை, ஓட விடப்படுவதும் இல்லை. சிசிலி என்றதும் முகம் மலர்ந்து அவர் சொன்ன முதல் வசனம் இது:

“எட, பலேர்மோவிலை எங்கட தபோதரன் இருக்கிறானெல்லே!”

தபோதரன் அவருடைய சித்தப்பாவின் மகன். தொண்ணூறுகளில் இத்தாலிக்கு வந்து இறங்கியவர்களில் பலர் வடக்கே ஏறிப் போக, அவர் மட்டும் அங்கேயே நின்றுவிட்டார். மனைவி கமலநாயகி வீடுகளில் துப்புரவு வேலை செய்கிறார்.

“இருக்கட்டும்,” என்றார் புஸ்பவதி. “தீவு பெரிசு.”

அதன் பிறகுதான் திட்டம் தொடங்கியது. வாங்கி வந்த வரைபடத்தை அவர் சுவரில் ஒட்டவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் கண்டுவிடுவார்கள். படுக்கையறை அலுமாரிக் கதவின் உட்புறத்தில், சேலைகளுக்கு எதிரே ஒட்டினார். ஏழு மணிச் செய்தி முடிந்ததும் அலுமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு, கட்டில் விளிம்பில் அமர்ந்து, தொலைபேசியில் தெருப்படங்களை அடி அடியாக நகர்த்துவார். கோயில்களையும் கோட்டைகளையும் அவர் பார்க்கவில்லை. வாகனம் நிறுத்துமிடம், திருப்பக்கூடிய இடம், மத்தியானத்திலும் பூட்டாத பெற்றோல் நிலையம், இவைதான். “இண்டைக்குச் சிராக்கூசாவிலை ஒரு ஒழுங்கை. ரெண்டு பக்கக் கண்ணாடியும் மடிச்சாத்தான் போகலாம்,” என்று போய்வந்தவர் போலக் கணவருக்கு அறிவிப்பார். வழிகாட்டிக் கருவி சொல்லும் நேரத்தோடு எப்போதும் நாலில் ஒரு பங்கு கூட்டி எழுதுவார். அது பதினேழு ஆண்டுப் பாடம்.

கட்டானியாவில் இறங்கி, வாடகைக் கார் எடுத்து, தெற்கே சிராக்கூசா, மேற்கே அக்ரிஜென்ரோ, திராப்பானி, பிறகு வடகரை வழியாகக் கிழக்கே செஃபாலு, மெசினா, திரும்பவும் கட்டானியா. வலஞ்சுழியான சுற்று. “நல்லது, கோயிலும் அப்பிடித்தானே சுத்துறது,” என்று விஜயரத்தினம் திருப்திப்பட்டார். இரண்டு கிழமை கழித்துத்தான் இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, காரின் இடப்பக்க ஸ்ரியறிங்கைப் பிடிப்பதுபோல் வைத்துத் திருப்பிப் பார்த்தார்.

“இஞ்சாரும், இப்பிடிப் போனால் கடல் முழுக்க ஓடுற ஆளின்ரை பக்கமெல்லே வரும். அப்ப எனக்கு மலைதானோ?”

“மலையும் வடிவுதான். பாத்துக்கொண்டு வாங்கோ.”

டார்ம்ஸ்டாட்டில் வேலை செய்யும் மகள் தேனுஜா கிறிஸ்மஸுக்கு வந்தபோது அலுமாரியைத் திறந்து பார்த்துச் சிரித்தாள். பென்சில் கோடு தீவைச் சுற்றி அழகாக வந்து, வடமேற்கு மூலையில் மட்டும் கரையைவிட்டு உள்ளே மலைக்குள் வளைந்து, தெர்மினி என்ற ஊரில் மறுபடியும் கடலுக்கு இறங்கியிருந்தது.

“அம்மா, இதென்ன, பணிஸிலை ஒரு கடி கடிச்சு எடுத்த மாதிரி?”

“அது பலேர்மோ.”

“அறுபது கிலோமீற்றர் கூடச் சுத்திறியளே!”

“அறுபத்திரண்டு,” என்றார் புஸ்பவதி. “காணும். மூண்டு நாள் குந்தியிருந்து கோழிக்கறி சாப்பிடுறதிலும் பாக்க அறுபத்திரண்டு கிலோமீற்றர் கிட்ட.”

விஜயரத்தினத்துக்கு மனவருத்தம்தான். ஒரு கோப்பை சோறு கிடைக்கக்கூடிய ஒரே ஊரை ஏன் மலையேறித் தவிர்க்கவேண்டும் என்று அவருக்கு விளங்கவில்லை. என்றாலும் வாய் திறப்பதில்லை என்று சத்தியம் செய்தார். நான்கு மாதம் காப்பாற்றினார். அது அவர் வாழ்க்கையிலேயே நீளமான இரகசியம். மார்ச் இருபத்திரண்டாம் திகதி சனிக்கிழமை, லவன் என்ற நண்பரின் அறுபதாவது பிறந்தநாள் மண்டபத்தில் அது உடைந்தது. லவன் தோளில் கை போட்டு, “அண்ணை, ஜூன் முதலாம் திகதி மகளுக்கு நிச்சயதார்த்தம், நீங்கள்தான் முன்னுக்கு நிக்கோணும்,” என்று கேட்க, பொய் சொல்லத் தெரியாத மனிதர், “ஏலாதடாப்பா, நாங்கள் அண்டைக்குச் சிசிலியிலை,” என்றுவிட்டார்.

மறுநாள் காலை எட்டுப் பன்னிரண்டுக்கு, அறுபத்துநான்கு பேர் கொண்ட குடும்பக் குழுவில் தபோதரனின் செய்தி வந்தது: “அண்ணை, அக்கா, மிகவும் சந்தோசம். மூன்று நாளாவது எங்களுடன் தங்க வேண்டும். பிள்ளைகளின் அறை ஒதுக்கியாயிற்று.” எட்டுப் பதினாலுக்கு விஜயரத்தினம் அதன் கீழே பெருவிரல் படம் ஒன்று போட்டார். பிறகுதான் குசினிக்குப் போய் மனைவியிடம் சொன்னார்.

புஸ்பவதி கோபம் வந்தால் வாகனத்தை வேகமாக ஓடுகிறவர் இல்லை. வாசல்களில் கதைப்பதை நிறுத்திவிடுவார். திங்கட்கிழமை ஐந்து முப்பத்தொன்றுக்கே கடைக்குத் திரும்பினார். செவ்வாயும் அப்படித்தான். அந்தக் கிழமை அலுமாரி திறபடவில்லை. வேலைக்குப் போகும் இரண்டு காற்சட்டைகளும் கதிரையிலேயே தொங்கின.

“இஞ்சாரும், மூண்டே மூண்டு நாள்,” என்றார் விஜயரத்தினம், வியாழனன்று.

“நீங்கள் போய் நில்லுங்கோ. நான் போகேல்லை.”

“எங்கை போகேல்லை?”

“சிசிலிக்கு. தேனுவுக்குச் சொல்லி எல்லாத்தையும் நிப்பாட்டப்போறன். இஞ்சை நிண்டு யன்னல் துடைக்கிறன்.”

“தபோதரனும் அந்தப் பிள்ளை கமலாவும் ஆசையோடை கேட்டால் எப்பிடியப்பா மாட்டன் எண்டுறது?”

“அதுதான் எனக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா இருபத்தொன்பது தரம் மாட்டன் எண்டிருப்பன்.”

அவர் சொன்னது உண்மை. கரடிபோன்ற லொறிக்காரர்களை ஒற்றை விரலால் ஒதுங்கச் செய்கிறவருக்கு, சொந்தக்காரர் ஒருவரிடம் ‘வரமாட்டோம்’ என்று சொன்ன அனுபவம் கிடையாது. வெள்ளிக்கிழமை ஒரு விநியோகச் சீட்டின் பின்புறத்தில் ஒரு வசனம் எழுதினார்: ‘கமலா, குறைநினைக்க வேண்டாம், இந்த முறை நாங்கள் வீட்டுக்கு வரவில்லை.’ அதை வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் சத்தமாகச் சொல்லிப் பழகினார். ஒன்பதாவது வீட்டுக்கும் பத்தாவது வீட்டுக்கும் இடையில் ‘குறைநினைக்க வேண்டாம்’ கழன்றது. முப்பதாவது வீட்டில் அது திரும்பவும் வந்து ஒட்டிக்கொண்டது.

மார்ச் முப்பது, கோடைகாலத்துக்காக மணிக்கூட்டை மாற்றிய ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து இருபதுக்கு அவர் பலேர்மோவுக்கு அழைத்தார். சீட்டு கையில். கண்ணாடி மூக்கில். விஜயரத்தினம் தேநீர்க் கோப்பையுடன் அறை வாசலில் வந்து நின்றார். போகச் சொல்லிக் கை காட்டியும் போகவில்லை.

“கமலா, நான் ஒரு விசயம்…”

“அக்கா, பொறுங்கோ, நான் பல்கனிக்குப் போறன்.” கதவு சாத்தும் சத்தம். பிறகு குரல் பாதியாக இறங்கியது. “கோவிக்காதேங்கோ அக்கா, நான் முந்திச் சொல்லிப்போடுறன். வீட்டை வராதேங்கோ.”

புஸ்பவதி சீட்டைப் பார்த்தார். அதில் இதற்குப் பதில் இல்லை.

“அவர் இப்பவே லிஸ்ற் எழுதத் தொடங்கிட்டார். கணவாயாம், றாலாம், ரெண்டாம் நாள் இடியப்பமாம். நீங்கள் மூண்டு நாள் நிண்டால் மூண்டு நாளும் நான் அடுப்படி அக்கா. போன வருசம் லண்டன் ஆக்கள் வந்து போக, எனக்கு ஒரு கிழமை முதுகு நிமிரேல்லை. உங்களிலை விருப்பமில்லாமல் சொல்லேல்லை, அம்மாளாணை.”

“எனக்கு விளங்குது,” என்றார் புஸ்பவதி. அந்த இரண்டு சொல்லை அவர் இவ்வளவு மெதுவாகச் சொல்லிக் கணவர் கேட்டதில்லை.

“இன்னுமொண்டு. கேக்கப் பயமாக் கிடக்கு.”

“கேளும்.”

“முப்பத்திரண்டு வருசம் இந்தத் தீவிலை இருக்கிறன். வீடு, வேலை, பஸ், வீடு. அங்காலைப் பக்கக் கடலைக் கண்டதில்லை. இங்கை ஒரு எரிமலை இருக்காம் அக்கா, நான் ரீவியிலைதான் பாத்தனான். வேலை செய்யிற வீட்டு மனிசி கேக்குது, நீ இவ்வளவு காலமா எங்கை இருந்தனி எண்டு. என்னை ஏத்திக்கொண்டு போவியளோ? நீங்கள் பலேர்மோவுக்குள்ளை வரவே வேண்டாம். நான் ரெயினேறித் தெர்மினிக்கு வாறன். கடைசியிலை கட்டானியாவிலை விடுங்கோ, பஸ்பிடிச்சு வந்திடுவன். நான் ஒண்டும் சமைக்கமாட்டன். கதைக்கவும் மாட்டன்.”

“தபோதரன்?”

“றாலை அவரே பொரிச்சுத் தின்னட்டும்.”

சிரிப்பு வந்ததை அடக்க, புஸ்பவதி கையிலிருந்த சீட்டை நான்காக மடித்தார். பிறகு முகம் திரும்பவும் இறுகியது. இரண்டு கிழமை முழுவதும் தன் பாட்டில் ஓடுவது என்று நான்கு மாதமாக அடியடியாகச் சேர்த்து வைத்த திட்டம் இது.  எதிர்முனையில், பல்கனிக்குக் கீழே ஏதோ ஒரு ஸ்கூட்டர் போகும் சத்தம் கேட்டது.

“எத்தினை மணிக்கு வருவன் எண்டு நான் சொல்லமாட்டன், கமலா.”

“சொல்லாதேங்கோ.”

“இடையிலை எங்கையாவது நிப்பாட்டினால் நிப்பாட்டினதுதான். ரெலிபோன் அடிச்சு எங்கை எங்கை எண்டு கேக்கக்கூடாது.”

“கேக்கமாட்டன். ஸ்ரேசன் வாங்கிலை குந்திக்கொண்டு இருக்கிறன். வரேக்கை வாங்கோ.”

“வளைவு றோட்டு. உமக்குத் தலை சுத்துமோ?”

கமலநாயகி தயங்கினார். “பின்னுக்கு இருந்தால் சுத்தும் அக்கா.”

புஸ்பவதி தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கோப்பையுடன் வாசலில் நின்ற கணவரை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, பெருவிரலைத் தோளுக்கு மேலே நீட்டி, பின்னால் பின்னால் என்று இரண்டு தரம் காட்டினார்.