சுண்ணாம்புக் கோட்டுக்குள் தூங்கியவர்

பிள்ளைகளே, கள்ளக்குறிச்சியில் நம் வீட்டு முன்னறையிலேயே நான் வீட்டு பிளான் போட ஆரம்பித்த புதிதில், நைனார்பாளையத்திலிருந்து ஒரு லாரி டிரைவர் வந்தார். நம் நிலைப்படியில் குனிந்துதான் நுழைந்தார், அவ்வளவு உயரம். பேசும்போதெல்லாம், இல்லாத ஸ்டியரிங்கை அவர் கைகள் திருப்பிக்கொண்டே இருக்கும்.

எத்தனை அறை, வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டு வரைந்தேன். விருந்தாளிகள் மெச்சட்டும் என்று ஹாலைப் பெரிதாக்கி, படுக்கையறையைச் சுருக்கிவிட்டேன். அவர் தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, "நல்லாகீது சார்" என்றார்.

அஸ்திவாரம் தோண்டுவதற்கு முந்தின சாயங்காலம், மனையில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டோம். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, வாசல் வரப்போகும் இடத்தில் குனிந்து நுழைந்தார்.

"மேல வானந்தானுங்க இருக்கு, எதுக்குக் குனியிறீங்க?" என்று சிரித்தேன்.

"வூடுன்னாலே தலைய இடிக்குமே சார்!"

படுக்கையறைக்குள் போய் மல்லாந்து படுத்தார். பாதம் இரண்டும் கோட்டைத் தாண்டிக் கிடந்தன.

"இன்னா சார், இங்கயும் மடக்கிக்கினுதான் படுக்கணுமா? இருபது வருசமா கேபின்ல அப்படித்தான் தூங்குறேன். கால நீட்டத்தான் சார் வூடே கட்டுறேன்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. எப்படித் தூங்குவீர்கள் என்று நான் கேட்கவே இல்லையே. கோட்டை அழித்து, ஹாலுக்குள் மூன்றடி தள்ளிப் போட்டேன்.

"இப்ப நீட்டுங்க" என்று திரும்பினால், அவர் நன்றாகக் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார். தூரத்தில் கல்வராயன் மலை நீலமாகிக்கொண்டிருந்தது.

எழுப்ப மனம் வரவில்லை. சுவர்க்கோடு எதையும் தாண்டாமல் சுற்றிப்போய், வாசல் வழியாகவே வெளியே வந்தேன். அங்கே நானும் குனிந்தேன். ஏனென்று இன்றும் தெரியவில்லை.