சிவராசா அண்ணையைச் சபைக்குக் கூட்டிப்போவது

முதியோர் பகல் பராமரிப்பு வேலையில் முதலில் தேய்வது முதுகு என்பார்கள். நம்பாதீர்கள், முதலில் தேய்வது வெட்கம். வீட்டில் மறதிநோய்க்காரரை வைத்திருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கேக்

ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் எங்கள் நிலையத்துக்கு வருகிற ஒரே தமிழர் சிவராசா அண்ணை. ஒரு காலத்தில் இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்குள் மனஸ்தாபம் வந்தால் சமாதானம் பேச அவரைத்தான் கூப்பிடுவார்கள். எதிரே இருப்பவரின் முகம் கொஞ்சம் சுருங்கினாலே பேச்சை மாற்றிவிடுவாராம். இப்போதும் பெயர், விலாசம் எல்லாம் சரியாகச் சொல்வார். மற்றவர் மனம்தான் அவருக்குப் பிடிபடுவதில்லை; மறதிநோயில் இப்படியும் ஒரு வகை உண்டு.

ஒருநாள் பக்கத்தில் இருந்த ஜெர்மன் அம்மா, இறந்துபோன கணவரை நினைத்து விம்மிக்கொண்டிருந்தார். அண்ணை அவருடைய தட்டிலிருந்த கேக்கை எடுத்து நிதானமாகச் சாப்பிட்டார். நான் பதறிப்போய், "அண்ணை, அவா அழுகிறா, தெரியேல்லையோ?" என்றேன்.

"ஓம், தெரியுது. அழுதுகொண்டு எப்பிடிச் சாப்பிடுறது? அதுதான் எடுத்தனான்."

வருத்தமா, குணமா?

அவருடைய மனைவி பவளம் அக்காவுக்கு இது வருத்தம், அதாவது நோய், என்றே நம்பிக்கையில்லை. இவ்வளவு தெளிவாகக் கதைக்கிறவருக்கு மூளையில் என்ன பழுது? ஒரு கல்யாணத்தில் சம்பந்தியம்மாவைப் பார்த்து, "நல்லாப் பெருத்துப் போனியள்" என்று சத்தமாகச் சொன்னாராம். அதோடு கோயில், கொண்டாட்டம் எல்லாம் நின்றன. அண்ணை நிலையத்துக்கு வரும் நேரம் போக, இருவரும் வீட்டுக்குள்ளேயே அடைந்துகிடந்தார்கள்.

அப்போதுதான் அக்காவின் தமையன் காலமானார். இவரைத் தனியே விட்டுப் போக வழியில்லை. "கூட்டி வாங்கோ, நான் பக்கத்தில இருக்கிறன்" என்றேன். அக்கா அழுதுவிட்டார்.

"தங்கச்சி, என்ர அண்ணையின்ர முகத்தைக் கடைசியா ஒருக்காப் பாக்கவேணும், ஆனா இவராலை மச்சாள் இன்னும் நோகக்கூடாது."

வாசலில்

கிரியைகள் முடியும்வரை அண்ணை நல்ல பிள்ளையாக இருந்தார். நானும் கொஞ்சம் அசந்துவிட்டேன். செத்தவீட்டில் நாங்கள் விடைபெறுவதில்லை, தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் வெளியேறுவோம். எல்லோரும் அப்படித்தான் போனார்கள். அண்ணை மட்டும் நேரே போய், அக்காவின் மச்சாளான இறந்தவரின் மனைவியுடைய கையைப் பிடித்துக் குலுக்கி, "மெத்தச் சந்தோசம். போயிட்டு வாறன்" என்றார்.

பவளம் அக்கா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். நான் அவரை விலக்க ஓடினேன். அந்த அம்மா பிடித்த கையை விடவில்லை.

"கட்டாயம் வாங்கோ அண்ணை. எல்லாரும் சொல்லாமலே போகினம், நீங்கள் ஒராள்தான் வாறன் எண்டு சொன்னது."

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவுக்குப் பவளம் அக்காவே அவரைக் கூட்டிக்கொண்டு போனார். வடையில் உப்பில்லை என்று அவர் சபை நடுவே அறிவித்தபோது, உண்மையிலேயே உப்பில்லாததால் ஒருவரும் அதை நோய் என்று சொல்லவில்லை.