உப்புக் கிடங்கில் நடந்த இசை

தம்பி இல்லாத முதல் ஆண்டு இம்மாதம் நிறைவுறுகிறது. ஆறுதல் கூற வந்த உறவினர் பலர் தயங்கித் தயங்கி என்னிடம் ஒன்று கேட்டனர்: அவர் கடைசியாக வெளியிட்டது என்ன வகை இசை, அது நம் தூத்துக்குடியில் எவ்வாறு உருவாயிற்று? தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு இசையறிவு குறைவு. ஆயினும் அந்நாள்களில் உடனிருந்தவள் என்னும் உரிமையால் அறிந்ததை எழுதுகிறேன்.

தம்பி பிறந்தது சாயர்புரத்தில். எங்கள் தந்தையார் பள்ளி ஆசிரியர். ஆலயப் பாடகர் குழுவை நடத்தியவர். மகன் ஆர்மோனியம் பயில வேண்டுமென்பது அவர் விருப்பம். தம்பியோ பள்ளி விடுமுறையில் ஒரு திருமண ஊர்வலத்தின் பின்னே போய், அதில் சாக்சபோன் வாசித்தவரின் வீட்டைக் கண்டறிந்து திரும்பினார். அப்பித்தளைக் கருவி மனிதர் பேசுவதுபோல் ஒலிப்பது ஏன் என்று வீட்டிலுள்ள அனைவரையும் கேட்டார். தந்தையார் சில திங்கள் அவரோடு பேசவில்லை. பிறகு அவரே அக்கருவியை வாங்கித் தந்தார்.

பின்னர்த் தம்பி பயணிகள் கப்பலொன்றின் இசைக்குழுவில் சேர்ந்து நெடுங்காலம் கடலில் இருந்தார். கரீபியத் தீவுகளில்தான் அவர் இலத்தீன் ஜாஸ் என்னும் இசையைக் கேட்டது. பித்தளைக் கருவிகள் வரிசை வரிசையாக முழங்கும். தாளம் அடி தப்பியதுபோல் விழுந்து, அடியிலேயே வந்து சேரும். இதற்குத் தக்க தமிழ்ப்பெயர் ஒன்று தேடுவதாக நான் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார்.

“பேரு கெடக்கட்டும்க்கா. மொதல்ல கேளு. அங்கன ஒரு துறைமுகத்துல எறங்குறேன், உப்புக்காத்து, மீன்வாடை, தெருவுல பேண்டு சத்தம். நம்மூரு திருவிழான்னுல்லா நெனச்சேன்.”

அந்நினைப்பே அவருடைய ஆசையாயிற்று. கடல்வாழ்வை விட்டுத் திரும்பிய பின், இவ்வகையில் தாமே அமைத்த ஐந்து பாடல்களை நம்மூர்த் திருவிழாப் பேண்டுக்காரர்களைக் கொண்டே பதிவுசெய்ய முனைந்தார். சென்னையில் தேர்ந்த கலைஞர் பலரை அவர் அறிவார். அவர்களை அழைக்க மனம் ஒப்பவில்லை. அதற்குள் நுரையீரல் இறுகும் நோய் அவரைப் பற்றியிருந்தது. ஊதுவதை விட்டால் வாழ்நாள் நீளும் என்றார் மருத்துவர். தம்பியின் மனைவி அவர்முன் அமர்ந்து, “இருக்க மூச்ச எங்களுக்கு வச்சிருங்க” என்றார். தம்பி சாக்சபோன் பெட்டியை அருகே இழுத்தார். பின்பு, “இது ஒண்ணு முடியட்டும். அதோட பெட்டிய மூடிருதேன்” என்றார். மூச்சு முந்துமா, இசை முந்துமா என்பதே அதன்பின் எங்கள் அனைவரின் கவலை.

துறைமுகச் சாலையில் நண்பர் ஒருவரின் உப்புக் கிடங்கு வெறுமையாய் இருந்தது. அங்கே தம்பி அயல்நாட்டு முறைப்படி நாற்காலிகளை வரிசையாக இட்டு, அனைவரையும் அமர்த்திப் பயிற்சி தொடங்கினார். ஒன்றும் கூடிவரவில்லை. ட்ரம்பெட்டும் முரசும் ஒன்றையொன்று துரத்தின. திருத்தித் திருத்தி வாசித்துக் காட்டியதில் தம்பியின் மூச்சுத்தான் வீணாயிற்று. ஒரு மாலை தேநீர் வந்தது. அனைவரும் எழுந்து வெளியே போயினர். ட்ரம்பெட் வாசிக்கும் அண்ணாச்சி விளையாட்டாக அதே வரியை ஊதிக்கொண்டு முற்றத்தில் நடந்தார், முரசுக்காரர் பின்தொடர்ந்தார். பிசகின்றி வந்தது.

தம்பி குவளையைக் கீழே வைத்தார். “ஏலே, நாற்காலி எல்லாத்தையும் ஓரமாத் தூக்கிப் போடுங்க.”

அண்ணாச்சி விடவில்லை. “சப்பரத்துக்கு முன்னால நடந்தே வாசிச்ச ஆளுவள, கல்யாணப் பந்தி மாதிரி உக்கார வச்சா சோறுதாம்ல கேப்பாங்க” என்றார். கிடங்கே சிரித்தது.

நடந்து வாசிக்கையில் காலடி தாளத்தின் நேரான அடியைத் தாங்க, அடிகளுக்கு இடையே விழவேண்டிய ஒலிகள் தாமாக விழுந்தன. இதை விளங்கிக்கொள்ள நானும் வீட்டில் நடந்து நடந்து கைதட்டிப் பார்த்தேன். என் பேத்தி கண்டு நகைத்தாள். ஆனால் எனக்கு விளங்கிற்று. சென்னையிலிருந்து வந்த ஒலிப்பதிவாளர்தாம் காலோசை பதிவாகுமே என்று மறுகினார். தரையெங்கும் சாக்கு விரித்தோம். நடுவில் ஒலிவாங்கி, அதனருகே நாற்காலியில் தம்பி. மற்றவர் வெறுங்காலோடு சுற்றி வந்தனர். ஒவ்வொரு கருவியும் அருகே பொங்கி, அகன்று மங்கிற்று. அவ்வாறே நான்கு பாடல்கள் பதிவாயின.

ஐந்தாம் பாடலுக்குத் தம்பி எழுந்து நின்றார். அவர் மனைவி பாதி எழுந்து, பின் அமர்ந்துகொண்டார். பெருவட்டத்தில் நடக்க ஆற்றலின்றித் தம்பி ஒலிவாங்கியை ஒட்டிச் சிறு வட்டமாக நடந்தபடி ஊதினார். ஓரிரு சுற்றில் அண்ணாச்சி தம் வரிசையை விட்டு உள்ளே வந்து, அவருடன் தோள் இணைத்து அடியைக் குறுக்கி நடந்தார். அவரைக் கண்டு முரசு வந்தது. பின் ஒவ்வொருவராக வந்தனர். தாளம் தளரவில்லை, வட்டம் மட்டும் சுருங்கிக்கொண்டே வந்தது. பாடல் முடிந்தபோது அனைவரும் ஒரே பாயில் நிற்பவர்போல் நெருங்கி நின்றனர். தம்பி கருவியைத் தாமே துடைத்துப் பெட்டியில் வைத்து மூடினார். அதன்பின் திறக்கவில்லை. தொகுப்பு வெளிவந்ததைக் கண்டு, அடுத்த மழைக்காலத்தில் அமைதியாக விடைபெற்றார்.

நோயில் உடனிருந்த மருத்துவருக்கும் செவிலியருக்கும், வேளைதோறும் உணவனுப்பிய அண்டை வீட்டாருக்கும், கிடங்கைத் திறந்துவிட்ட நண்பருக்கும், மன்றாடிய சபையாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடப்பாடுடையது.

அண்மையில் இசை வல்லுநர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். இறுதிப் பாடலில் கருவிகள் எல்லாம் மெல்ல மெல்ல நம்மருகே வந்து சூழ்கின்றனவே, எந்தப் பொறிகொண்டு செய்தீர்கள் என்று வியந்து வினவினார். பொறி ஏதுமில்லை, ஐயா, என்றேன். என் தம்பியால் தொலைவு நடக்க இயலவில்லை. ஆகவே அவர்கள் அருகே வந்துவிட்டார்கள்.