விரலால் தடவிப் பார்த்தால் போதுமாம்

என் கணவருக்கு நெஞ்சைத் திறந்து அறுவை சிகிச்சை நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை. கிழமையை மருத்துவர் குறித்தார். நேரத்தைக் குறிக்கும் வேலையை என் கணவரின் அண்ணன் எடுத்துக்கொண்டார். இத்தனை வருடம் கழித்தும் அந்தக் காலையை நினைத்தால் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாய் அவருக்கு வீங்கியிருந்தது. இருமலுக்காக ஓசூரில் எடுத்த எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்து, எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தில் இருந்த தனியார் மருத்துவமனையில் உறுதி செய்தார்கள். வீங்கிய பகுதியை வெட்டி எடுத்துவிட்டுச் செயற்கைக் குழாய் வைக்க வேண்டும். முந்தின நாள் மாலை அறுவை மருத்துவர் என்னை உட்காரவைத்து விளக்கினார்.

"குழாய்க்கு உள்பக்கம் சுண்ணாம்பும் கொழுப்புமா படிஞ்சிருக்கும்மா. நாங்க ஒரு இடத்துல கிளாம்ப் போட்டு இறுக்கித்தான் ரத்தத்தை நிறுத்தணும். படிவு இருக்கிற இடத்துல போட்டா தூள் உதிர்ந்து மூளைக்குப் போயிடும். பேச்சு போகலாம், ஒரு பக்கம் கை கால் போகலாம்."

"அது எங்க இருக்குன்னு எப்படி சார் தெரியும்?"

"நெஞ்சைத் திறந்ததும் அல்ட்ராசவுண்ட் கருவியை உறைக்குள்ள போட்டு, நேரா குழாய் மேலயே வச்சுப் பாப்போம். திரையில தெரிஞ்சிடும். சுத்தமான இடமா பாத்து கிளாம்ப் போடுவேன்."

அந்தக் கருவியோடு வரும் ஸ்கேன் டாக்டர் காலையில் வேறொரு மருத்துவமனையில் இருப்பார். இங்கே வர பதினோரு மணி ஆகும். மயக்கம் கொடுத்து நெஞ்சைத் திறக்கவே அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் பத்தரைக்கு ஆரம்பிப்பதாக ஏற்பாடு. இதை நான் ஒரு வார்த்தை விடாமல் வீட்டாரிடம் சொன்னேன். அவர்கள் காதில் விழுந்தது பத்தரை மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் தொடங்குகிறது. ஏழரையிலிருந்து ஒன்பது வரை குளிகை. குளிகையில் செய்தது மறுபடி நடக்கும் என்பதால் அதிலும் கத்தி வைக்கக் கூடாதாம். மிஞ்சியது ஒன்பதுக்கும் பத்தரைக்கும் இடையில். என் கணவரின் அண்ணன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மருத்துவமனையின் முன்கூடத்தில் நோயாளிகளின் குடும்பத்தாரைக் கவனித்துக்கொள்ள ஒரு அதிகாரி இருந்தார். நேராக அவரிடம் போய்ப் பேசி முடித்துவிட்டார்.

நான் பிளாஸ்கைக் கழுவிக்கொண்டு திரும்பியபோது படுக்கை காலியாக இருந்தது. தியேட்டர் வாசலுக்கு ஓடினேன். ஊசி போட்ட மயக்கத்தில் என் கணவர் ஸ்ட்ரெச்சரில் கிடந்தார். பக்கத்தில் அண்ணனும் அந்த அதிகாரியும் நின்றார்கள்.

"ஸ்கேன் டாக்டர் வந்துட்டாரா?" என்று கேட்டேன்.

"டென்ஷன் ஆகாதீங்கம்மா," என்றார் அதிகாரி. "எங்க கன்னடக்காரங்களும் ராகுகாலா பாப்போம். உங்க வீட்டுல கேட்டாங்க, நாங்க அட்ஜஸ்ட் பண்ணிட்டோம். மெஷின் இல்லாட்டி என்ன? டாக்டர் விரலால தடவிப் பாத்துக்குவாரு. முன்னாடி எல்லாம் அப்படித்தானே பண்ணாங்க?"

நான் ஸ்ட்ரெச்சரின் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "மெஷின் வராம இவரை உள்ள கொண்டுபோகக் கூடாது."

"ஏம்மா, ஆஸ்பத்திரில வந்து மானத்த வாங்கறியா?" என்றார் அண்ணன். "நேரம் போவுது பாரு. கைய எடு."

அவர் பர்கூரில் கிரானைட் அறுக்கும் பட்டறை வைத்திருப்பவர். கல்லின் மேல் தண்ணீரை ஊற்றி, காய்வதற்குள் குனிந்து விரிசலைத் தேடுவார். பார்க்காமல் எந்தக் கல்லையும் ரம்பத்தில் ஏற்றவிட மாட்டார்.

"மாமா, கல்ல அறுக்கறதுக்கு எத்தன தடவ தண்ணி ஊத்திப் பாக்கறீங்க! உங்க தம்பி கல்லவிடக் கேவலமாப் போயிட்டாரா? அவர மட்டும் பாக்காமயே அறுக்கணுமா?"

தாழ்வாரத்தில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் கறுத்துவிட்டது.

சத்தம் கேட்டு அறுவை மருத்துவர் வெளியே வந்தார். "குடும்பத்துல எல்லாரும் சம்மதிச்சுட்டதா சொன்னாங்களே?" என்றார்.

"நான் சம்மதிக்கல சார். தூள் உதிரும், பேச்சு போகும்னு நேத்து சொன்னது நீங்கதானே? ஒரு ராத்திரில அந்தத் தூள் எங்க போச்சு?"

மருத்துவர், "விரலுக்குக் கெட்டியா இருக்கிறது தட்டுப்படும். மெத்துனு இருக்கிறது தட்டுப்படாது. நீங்க கேக்கிறது சரிதான்," என்றார். சரி என்று தெரிந்தவர் எதற்காக ஒன்பது மணிக்குக் கையுறை மாட்டக் கிளம்பினார்? அண்ணனுக்காவது ராகு காலத்தின் மேல் உண்மையான பயம் இருந்தது. இவருக்கும் அந்த அதிகாரிக்கும் என்ன இருந்தது? வாடிக்கையாளர் மனம் கோணக் கூடாது, அவ்வளவுதான்.

ஸ்ட்ரெச்சரைத் திருப்பினார்கள். "தம்பிக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சு, அதுக்கு நீதான் பதில் சொல்லணும்," என்று சொல்லிவிட்டு அண்ணன் படியிறங்கி ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார். பழைய ஏற்பாட்டின்படி பத்தரைக்கு, ராகு காலத்தில், என் கணவரை உள்ளே கொண்டுபோனார்கள். ஸ்கேன் டாக்டர் பெட்டியோடு வந்து உள்ளே போவதைப் பார்த்த பிறகுதான் நான் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் அறுவை மருத்துவர் என்னிடம் வந்தார். "வழக்கமா கிளாம்ப் போடற இடத்துலதான் படிவு அதிகமா இருந்துச்சும்மா. திரையில பாத்து இடத்தை மாத்தினோம்." மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை.

மூச்சுக்காக வாயில் செருகியிருந்த குழாயை எடுத்து வார்டுக்கு மாற்றிய பிறகு என் கணவர் முதலில் தண்ணீர் கேட்டார். அடுத்ததாக அண்ணன் எங்கே என்றார். நடந்ததைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"அத்தன பேர் முன்னால அண்ணன நீ அப்படிப் பேசியிருக்கக் கூடாது," என்றார். "ஊருக்குப் போனதும் அவருகிட்ட ஒரு மன்னிப்பு கேட்டுடு."

குரல் தாழ்ந்திருந்தது. ஆனால் ஒரு எழுத்துகூடக் குழறவில்லை. அந்த வாக்கியத்தை அவர் முழுதாகச் சொல்லி முடிக்கத்தான் நான் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன் போலிருக்கிறது.

அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்த கஞ்சிக் கிண்ணத்தை அவர் மடியில் வைத்தேன். ஸ்பூனை வலது கையில் கொடுத்தேன். விரல்கள் அதை இறுக்கிப் பிடித்தன. "நீங்களே சாப்பிடுங்க," என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.