வெட்டிய சீட்

எதிர்க்காற்று நெஞ்சில் அடிக்காமலிருக்க ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டு, மலேசியாவின் சிம்பாங் ரெங்கத்திலிருந்து சிங்கப்பூருக்குத் தினமும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். எல்லைப் பாலத்து நெரிசலில் வண்டியைக் காலால் தள்ளித் தள்ளித்தான் நகர்த்த வேண்டும். பாதம் தரையில் முழுதாகப் பதியட்டும் என்று சீட்டின் ஸ்பாஞ்சைப் பாதியாக வெட்டச் சொல்லிக் கடையில் கொடுத்தேன்.

பாலத்தில் கால் எட்டியது. ஆனால் நெடுஞ்சாலை முழுக்கப் பலகைமேல் உட்கார்ந்ததுபோல் இருந்தது. முழங்கால் மடங்கி, தோள் தூக்கி, முதுகு கூன் போட்டது.

"ஸ்பாஞ்ச மறுபடியும் வச்சிடுங்களேன்," என்றாள் மனைவி.

"பாலத்துல நீயா வந்து தள்ளப் போற?" என்று எரிந்து விழுந்தேன். அதன்பிறகு இத்தனை வருடங்களில் அவள் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை.

போன தீபாவளிக்கு எங்கள் இருவரையும் மகள் கைப்பேசியில் படமெடுத்தாள்.

"அப்பா, நேரா நில்லுங்க லா. இன்னும் மோட்டார்லயே உட்கார்ந்திருக்கற மாதிரி இருக்கு."

சரிசெய்துகொண்டு நின்றேன்.

"நேரா, அப்பா!"

மனைவி என் முதுகில் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்தினாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

நான் நேராகத்தான் நின்றுகொண்டிருந்தேன்.