சாமியம்மாள் வாய் திறந்த நாள்

வடக்குத்து கிராமத்தில் சாமியம்மாளின் வாய்க்கு ஒரு காலத்தில் தெருவே ஒதுங்கி வழிவிட்டது. காலையில் பக்கத்துச் சுரங்க டவுன்ஷிப்பில் இரண்டு குவார்ட்டர்ஸ் வீடுகளில் பாத்திரம் துலக்கிவிட்டு வருவாள். வந்ததும் பக்கத்து வீட்டு வீரம்மாளோடு குழாயடியில் ஒரு சுற்றுச் சண்டை. இருவருக்கும் அது காபி மாதிரி.

2013இல் சாமியம்மாள் ஞானஸ்நானம் எடுத்தாள். வாயால் பாவம் செய்கிறவர்கள் நரகத்தில் எரிவார்கள் என்று சபையில் யாரோ சொன்னது அவளைப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து வெளியே கிளம்பினாலும் வீட்டுக்கு ஆள் வந்தாலும் நாக்குக்கு அடியில் ஒரு கிராம்பு. கோபம் வந்தால் கடிப்பாள். கண் கலங்குமே தவிர வார்த்தை வராது.

“என்னாடி, உங்க ஏசு சாமி நாக்கை அறுத்துக்கினு போயிட்டாரா?” என்பாள் வீரம்மாள். சாமியம்மாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பாள். ஒரு வருடம் இப்படியே போனது. சபையில் அவளை விசுவாசத்துக்கு நல்ல சாட்சி என்றார்கள். கணவர் தனகோட்டி மட்டும், “வூட்டுக்குள்ள வந்தா பிரியாணிக் கடை மாதிரி வாசனை வருதுடி” என்றார்.

அடுத்த ஆவணியில் வீரம்மாளின் மகள் இசைப்பிரியாவை வடலூரிலிருந்து வந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளையின் அம்மா காந்திமதி தனியாக வந்தார். அக்கம்பக்கத்தில் விசாரிக்காமல் யார் பெண் எடுக்கிறார்கள்? நேரே சாமியம்மாள் வீட்டுக்குத்தான் வந்தார்.

“பக்கத்து வூட்டுக்காரங்க எப்படிங்க? குணமெல்லாம்?”

நல்லதாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தால், காலையில் வீரம்மாள் இவளுடைய கோழியை உதைத்ததுதான் முதலில் வந்து நின்றது. எதற்கு வம்பு என்று கிராம்பைக் கடித்தாள். கண்ணில் நீர் முட்டியது. தலையை மட்டும் ஆட்டினாள். எந்தப் பக்கம் ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியாது.

“சரிம்மா, புரிஞ்சுபோச்சு” என்று காந்திமதி எழுந்து போய்விட்டார்.

ஷிப்ட் முடிந்து வந்து படுத்திருந்த தனகோட்டி எழுந்து உட்கார்ந்தார். “அடிப்பாவி! நீ அழுததைப் பார்த்து, பொண்ணு வேணாம்னு போறாங்கடி!”

அவள் ஒரு வார்த்தைகூடத் தப்பாகப் பேசவில்லை. ஆனால் நரகமோ தீர்ப்போ இப்போது அவள் நினைவில் இல்லை. இசைப்பிரியாவின் முகம்தான் இருந்தது. கிராம்பைத் துப்பிவிட்டு ஓடினாள். காந்திமதியைப் பஸ் ஸ்டாப்பில் பிடித்துவிட்டாள்.

“நில்லுங்கம்மா! பொய் சொல்ல மாட்டேன், அவங்கம்மாவுக்கு வாய் நீளம். ஆனா எனக்கு டைபாய்டு வந்து கெடந்தப்ப பத்து நாளு கஞ்சி வெச்சது அவதாங்க. திட்டிக்கினே ஊட்டினா. அந்தப் பொண்ணு என் துணியெல்லாம் தொவைச்சுப் போட்டுட்டுத்தான் காலேஜ் போவும். எனக்கு ஒரு பையன் இருந்தா உங்களுக்கு விட்டிருப்பனா?”

வடலூர் பஸ் வந்து நின்றது, போனது. காந்திமதி ஏறவில்லை.

“அப்ப ஏம்மா அழுதீங்க?”

“கிராம்புங்க.”

நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் வீரம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

“எனக்கு வாய் நீளமாடி?”

“அளந்து பார்த்துத்தான்க்கா சொன்னேன்.”

“ஒரு வருசமா என்னை ஒரு மனுஷியா மதிச்சுத் திட்டியிருப்பியா நீ?”

“பயந்துகினு கெடந்தேன்க்கா.”

“இப்ப பயம் போயிட்டுதா?”

“ஏசு என்னை இந்த வாயோடதான் சேர்த்துக்கினாரு. உன்னை உன் வாயோட சேர்த்துக்கினா எனக்கு என்னா கொறைஞ்சா பூடும்?”

வீரம்மாள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். பிறகு, “பெரிய பாஸ்டரு! வந்து மாவாட்டு. நாளைக்கு அம்பது பேருக்கு இட்லி” என்றாள்.

உளுந்து பற்றாது என்று சாமியம்மாள் சொன்னாள். பற்றும் என்றாள் வீரம்மாள். மாவு பொங்கும்வரை அந்தப் பேச்சு முடியவில்லை.